வயரிங் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் பரீட்சை வைப்பது எப்படி

75 எடுத்தால் பாஸ் என்று வைத்தால், பிழைவிட்ட 25இல் கரண்ட் நின்றதை உறுதிசெய்யும் கேள்வியும் இருக்கலாம். வயரிங் வேலையில் ஆள் போக அந்த ஒன்றே போதும். ஆகவே மட்டக்களப்பில் எங்கள் வகுப்புக்கு மூடிலில் (Moodle, இணையத்தில் பாடமும் பரீட்சையும் நடத்தும் மென்பொருள்) பரீட்சை போடும்போது, உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்விகளைத் தனிப் பரீட்சையாக்கிவிடுவேன். பத்துக் கேள்வி, தேர்ச்சிப் புள்ளி 100. அதில் தேறினால்தான் மற்றது திறக்கும்.

கேள்வி எழுதுவதில்தான் மினக்கெட வேண்டும். "ட்ரிப் சுவிட்ச் எத்தனை மில்லி அம்பியர்?" என்றால் 30 என்று மனப்பாடமாக வரும். நான் இப்படிக் கேட்பேன்: களுவாஞ்சிக்குடியில் ஒரு வீடு. அறைக்குரிய பிரேக்கரை ஓஃப் பண்ணியாயிற்று. பிளக்கில் வோல்ற் அளக்கும் மீற்றரை வைத்தால் 0 காட்டுகிறது. அடுத்து என்ன செய்வீர்கள்?

"மூடியைக் கழற்றுவேன்" என்பதில்தான் கை போகும். சரியான விடை, கரண்ட் இருக்கிற ஹோல் பிளக்கில் அதே மீற்றரை வைத்து 230 வோல்ற் அளவில் காட்டுகிறதா என்று பார்ப்பது. வயர் அறுந்த மீற்றரும் 0 தானே காட்டும்! பிழையான விடைகளை யோசித்து உருவாக்காதீர்கள். வேலைத்தளத்தில் பிள்ளைகள் உண்மையில் செய்வதையே போடுங்கள்.

பயிற்சிப் பரீட்சைக்கு மட்டும், விடையோடு "எவ்வளவு நிச்சயம்?" என்றும் கேட்கும் முறையை மூடிலில் போடலாம். முழு நிச்சயம் என்று சொல்லிச் சரியானால் 3, பிழைத்தால் கழித்தல் 6. சந்தேகத்தோடு சொல்லிப் பிழைத்தால் 0. தெரியாத பிள்ளை கேட்டுப் படிக்கும். கழித்தல் 6 வாங்கிய பிள்ளையைத்தான் நான் முதலில் கூப்பிடுவேன்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய வினாத்தாளை அப்படியே ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும், யூனிகோடுக்கு மாற்றுங்கள். நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள், இது வாசிப்புப் போட்டியல்ல. பக்கத்துக்கு ஒரு கேள்வி வையுங்கள்: பக்கம் மாறும்போது விடை சேமிக்கப்படும். ஆனால் கரண்ட் போனாலும் நேரக்கணக்கு ஓடும். அந்தப் பிள்ளைக்கு மட்டும் நேரத்தை நீட்டிக் கொடுக்கலாம்.

அப்புறம், தேறியவர்களை உண்மையான போர்டுக்கு முன்னால் நிறுத்தி அதே வேலையைச் செய்யச் சொல்லுங்கள். என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) மதிப்பீட்டாளரும் கையைத்தான் பார்ப்பார். மீற்றர் வயரைத் தடவிப் பார்க்காமல் பிளக்கில் குத்துகிற பிள்ளை, திரையில் 100 எடுத்திருந்தாலும் அடுத்த கிழமை திரும்ப வரட்டும்.