“லீக் ஆயிடுச்சாம்!” குரூப்பில் தட்டிவிடும் முன் ஐந்து நிமிடம்

கேம், மொபைல், கிராபிக்ஸ் கார்டு என்று எதையாவது வைத்துக்கொண்டு நடுராத்திரி வரை குரூப்பில் அடித்துக்கொள்வது தனி சுகம், அதிலும் இன்னும் வெளியே வராத ஒன்றைப் பற்றிப் பேசுவதில்தான் பாதி சுவாரசியமே இருக்கிறது. அதனால் லீக், வதந்தி பக்கமே போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நிறையப் பேசுங்கள். ஆனால் அது யார் வாயிலிருந்து கிளம்பியது, அந்த ஆளுக்கு எவ்வளவு தெரிந்திருக்க முடியும் என்று பார்த்துவிட்டுப் பேசினால் அரட்டையின் ருசியே கூடிவிடும். ஐந்து நிமிடம் செலவழித்தால் போதும். நான் பார்க்கும் வழியைச் சொல்கிறேன்.

முதலில் சொன்னது யார்?

செய்தி கையில் கிடைத்ததும் தலைப்பை விட்டுவிடுங்கள். உள்ளே எங்காவது “இன்னார் வெளியிட்ட தகவலின்படி” என்று ஒரு வரி இருக்கும், அதில் ஒரு லிங்க் இருக்கும். அழுத்துங்கள். அது இன்னொரு தளத்துக்குப் போகும், அங்கே இன்னொரு லிங்க், அப்புறம் மூன்றாவது தளம், இப்படியே போய்க் கடைசியில் லிங்க் எதுவும் இல்லாத ஓர் இடத்தில் நிற்கும். அதுதான் நமக்கு வேண்டிய இடம். அங்கே ஒரு நிறுவனத்தின் அறிக்கை இருக்கலாம், ஒரு நிருபரின் கட்டுரை இருக்கலாம், பேரே தெரியாத ஒருவரின் நான்கு வரிப் பதிவாகவும் இருக்கலாம். நாற்பது தளம் எழுதியிருக்கிறது என்றால் நாற்பது ஆதாரம் என்று கணக்குப் போடாதீர்கள். பெரும்பாலும் நாற்பது பேரும் ஒரே ஆளைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள்.

2024 தொடக்கத்தில் உலகம் முழுக்கச் சுற்றிய பல் துலக்கும் பிரஷ் கதையை எடுத்துக்கொள்வோம். 30 லட்சம் ஸ்மார்ட் பிரஷ்களை ஹேக் செய்து, அவற்றை ஒரே நேரத்தில் ஒரு சுவிஸ் நிறுவனத்தின் தளத்தின் மீது ஏவி, பல மணி நேரம் அதை முடக்கிவிட்டார்கள் என்பது செய்தி. பெரிய பெரிய தளங்கள் எல்லாம் எழுதின. லிங்க்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் ஒரே ஒரு சுவிஸ் நாளிதழ்க் கட்டுரையில் போய் நின்றது. அங்கே மூன்று கேள்வி கேட்டால் போதும்: எந்த நிறுவனம் பாதிக்கப்பட்டது? எந்தத் தேதியில்? எந்த பிராண்டு பிரஷ்? மூன்றுக்கும் பதில் இல்லை. நான்காவதாக ஒன்றையும் யோசிக்கலாம்: இந்த பிரஷ்களில் பெரும்பாலானவை ப்ளூடூத் வழியாகப் போனோடுதான் பேசும், நேரடியாக இணையத்தில் இருப்பதே இல்லை. அப்படியிருக்க அவை எப்படி ஒரு தளத்தைத் தாக்கும்? சில நாளில், கட்டுரையில் மேற்கோள் காட்டப்பட்ட ஃபோர்ட்டிநெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம், இது ஒரு வகைத் தாக்குதலை விளக்கச் சொன்ன உதாரணம்தான், எங்கள் ஆய்வில் வந்தது இல்லை என்றது. நாளிதழோ, நடந்த சம்பவம் என்றுதான் எங்களிடம் சொன்னார்கள் என்றது. யார் சொல்வது சரியோ, அந்த மூன்று கேள்வியைக் கேட்ட யாரும் அதை ஃபார்வர்ட் செய்திருக்க மாட்டார்கள்.

ஆக, எந்தச் செய்தி வந்தாலும் பெயர், தேதி, பொருள் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றுமே மொட்டையாக இருந்தால் கொஞ்சம் ஆறப்போடுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள்

கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, ஏதாவது ஒரு கேம் விற்கும் பக்கத்தில் விலையின் மேல் ரைட் கிளிக் செய்து, ‘இன்ஸ்பெக்ட்’ என்பதை அழுத்துங்கள். பக்கத்தின் நிரல் (code) திறக்கும், விலை இருக்கும் எண்ணை இரண்டு முறை கிளிக் செய்து உங்களுக்குப் பிடித்த எண்ணைத் தட்டுங்கள். அவ்வளவுதான், அந்தக் கேம் இலவசம் ஆகிவிட்டது, உங்கள் திரையில் மட்டும். எழுத்துரு, நிறம், இடைவெளி எல்லாம் அச்சு அசலாக இருக்கும், ஏனென்றால் அது அசல் பக்கமேதான். இதை ஒரு தடவை நீங்களே செய்து பார்த்துவிட்டால் “ஸ்கிரீன்ஷாட் இருக்கு பாரு” என்று யாராவது சொல்லும்போது தானாகவே “லிங்க் எங்கே?” என்று கேட்பீர்கள்.

“போஸ்டை டெலிட் பண்ணிட்டாங்க” என்று பதில் வந்தால், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்த முகவரியைப் போட்டுத் தேடுங்கள். பிரபலமான கணக்காக இருந்தால் யாராவது ஒருவர் சேமித்து வைத்திருக்க வாய்ப்பு உண்டு. கிடைக்கவில்லை என்றால் பொய் என்று முடிவுகட்ட வேண்டாம், உறுதியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கின் பெயருக்குப் பக்கத்தில் நீல டிக் இருப்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2022 நவம்பரில் ட்விட்டர் அதை மாதம் 8 டாலருக்கு விற்கத் தொடங்கிய அந்த வாரமே, நின்டெண்டோ என்ற கேம் நிறுவனத்தின் பெயரில் ஒரு போலிக் கணக்கு, அவர்களுடைய கேம் நாயகன் மரியோ நடுவிரலைக் காட்டும் படத்தைப் போட்டது. எலி லில்லி என்ற மருந்து நிறுவனத்தின் பெயரில் இன்னொன்று, இன்சுலின் இனி இலவசம் என்று அறிவித்து, உண்மையான நிறுவனம் மன்னிப்புக் கேட்டு விளக்கம் சொல்லும் அளவுக்குப் போனது. டிக்கை விடுங்கள், @ குறிக்குப் பின்னால் இருக்கும் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள், பிறகு அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து அதே கணக்குக்கு லிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். ட்ரெய்லர் விஷயத்திலும் இதே கதைதான்: ரசிகர்கள் செய்த கற்பனை ட்ரெய்லரில் ‘கான்செப்ட்’ என்ற சொல் விவரக்குறிப்பின் கடைசி வரியில் ஒளிந்திருக்கும். நிறுவனத்தின் சேனலில் அந்த வீடியோ இல்லை என்றால் அது ட்ரெய்லரே இல்லை.

லீக் உண்மையாகவே இருந்தாலும்

நம்மில் பலர் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓர் ஆவணம் அசல் என்பது ஒன்று, அதில் எழுதியிருப்பது நடக்கும் என்பது வேறு.

2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் வழக்கின் கோர்ட் ஆவணங்களோடு, அந்த நிறுவனத்தின் கேம் கருவியான எக்ஸ்பாக்ஸின் உள்திட்டங்கள் தவறுதலாக வெளியே வந்துவிட்டன. அவை அசல், சந்தேகமே இல்லை. டிஸ்க் டிரைவ் இல்லாத உருளை வடிவ எக்ஸ்பாக்ஸ் 2024 நவம்பரில் வரும் என்று அதில் இருந்தது. என்ன வந்தது? பழைய பெட்டி வடிவத்திலேயே டிஸ்க் இல்லாத வெள்ளை நிற மாடல்தான் வந்தது. அதே ஆவணங்களில் 2020-இல் போட்ட ஒரு பட்டியல், ஆப்ளிவியன் என்ற பழைய கேமின் ரீமாஸ்டர் (மெருகேற்றிய மறுபதிப்பு) 2022 நிதியாண்டுக்குள் வரும் என்றது. அது கடைசியில் வந்து சேர்ந்தது 2025 ஏப்ரலில். லீக் வந்த கையோடு அப்போதைய எக்ஸ்பாக்ஸ் தலைவர் ஃபில் ஸ்பென்சர், அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டது என்று சொல்லியிருந்தார். பழைய ஆவணம் கிடைத்தால் முதலில் அதன் தேதியைப் பாருங்கள், அதில் இருப்பது அன்றைய திட்டம், அவ்வளவுதான்.

ஒருவருக்குப் பாதி மட்டும் தெரிந்திருப்பதும் உண்டு. 2021-இல் நின்டெண்டோவின் கேம் கருவியான ஸ்விட்சில் புது மாடல் வருகிறது, ஏழு அங்குல ஓஎல்இடி திரை, டிவியில் 4கே என்று பலமாகப் பேச்சு அடிபட்டது. ஜூலையில் நின்டெண்டோ அறிவித்ததில் திரை பேச்சில் அடிபட்டபடியே இருந்தது, 4கே இல்லை. உதிரிபாகம் செய்யும் இடத்திலிருந்து தகவல் வந்தால் பாகத்தைப் பற்றிச் சொல்வது சரியாக இருக்கக்கூடும். அந்தப் பாகத்தை வைத்து நிறுவனம் என்ன செய்யப்போகிறது என்பது பெரும்பாலும் அவர்கள் கண்ணில் படாது. அதனால் லீக் செய்தவர் எந்தக் கதவு வழியாகப் பார்த்திருக்க முடியும் என்று கேளுங்கள்.

கேம்களுக்கு வயதுச் சான்று தரும் அமைப்புகளின் பக்கத்தில் ஒரு பெயர் வந்தால் அதற்கு நான் நல்ல மதிப்புக் கொடுப்பேன், கேம் ஓரளவு தயாரான பிறகுதான் அங்கே போகும். வயர்லெஸ் கருவிகளுக்கான அரசு அனுமதிப் பதிவும் அப்படித்தான். டிரேட்மார்க் பதிவுக்கு அவ்வளவு மதிப்பில்லை, பெயரை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று பதிந்து வைப்பவர்கள் உண்டு. சிப்களின் வேகத்தை அளந்து போடும் பென்ச்மார்க் பட்டியலில் புது சிப்பின் பெயர் தெரிந்தால் இன்னும் குறைவு, அங்கே யார் வேண்டுமானாலும் ரிசல்ட்டை ஏற்றலாம்.

அதிகாரபூர்வமாகச் சொன்ன தேதிகூட மாறும். சைபர்பங்க் 2077 கேம் ‘கோல்ட்’ ஆகிவிட்டது, அதாவது வெளியிடத் தயார், 2020 நவம்பர் 19 உறுதி என்றார்கள், அக்டோபர் கடைசியில் டிசம்பர் 10 என்றார்கள். 2022 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் மேடையில் காட்டிய கேம்கள் எல்லாம் அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் விளையாடக் கிடைக்கும் என்று சொன்னார்கள், அதில் சில்க்ஸாங்கும் இருந்தது. அந்தக் கேமுக்காக 2019-லிருந்து காத்திருந்தவர்கள் 2025 செப்டம்பர் 4 வரை காத்திருந்தார்கள்.

அதேபோல அரைகுறையாக இருப்பதைப் பார்த்து முழுசையும் எடைபோட வேண்டாம். 2022-இல் ஜிடிஏ 6 கேமின் உருவாக்கத்திலிருந்து சுமார் 90 வீடியோத் துண்டுகள் திருடப்பட்டு வெளியே வந்தபோது “இதான் கிராபிக்ஸா?” என்று கேட்டவர்கள் ஏராளம். 2023 டிசம்பரில் ட்ரெய்லர் வந்ததும் அந்தக் கேள்வி காணாமல் போனது.

எண்களை எப்படிப் படிப்பது

நிறுவனம் மேடையில் சொல்லும் எண் பெரும்பாலும் பொய்யாக இருக்காது, அதற்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கும். 2025 ஜனவரியில் 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கிராபிக்ஸ் கார்டு, முந்தைய தலைமுறையின் உச்ச கார்டான 4090-க்குச் சமமான திறன் தரும் என்று என்விடியா சொன்னது. எந்த செட்டிங்கில் என்று கேட்க வேண்டும். கார்டு வரையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடவே மூன்று ஃபிரேம் வரை ஏஐ உருவாக்கிச் சேர்க்கும் டிஎல்எஸ்எஸ் 4 என்ற வசதியைக் கணக்கில் எடுத்துக்கொண்டு சொன்னது அது. திரையில் நொடிக்கு 120 ஃபிரேம் காட்டும், ஆனால் கார்டு நிஜமாக வரைவது 30 என்றால் நீங்கள் பட்டனை அழுத்தியதற்குக் கேம் பதில் சொல்லும் வேகம் 30-ஐ ஒட்டித்தான் இருக்கும். கதைக்காக ஆடுபவருக்கு இது உண்மையிலேயே நல்ல வசதி. போட்டிக்கு ஷூட்டர் ஆடுபவருக்கு உதவாது. ஒரே எண், இரண்டு பேருக்கு இரண்டு அர்த்தம். குரூப்பில் அடித்துக்கொள்ள இதைவிட நல்ல விஷயம் வேண்டுமா?

விஞ்ஞானச் செய்தி என்றால் ‘ப்ரீபிரிண்ட்’ (மற்ற நிபுணர்கள் இன்னும் சரிபார்க்காத ஆய்வுக் கட்டுரை) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஜூலையில் அறை வெப்பநிலையிலேயே சூப்பர்கண்டக்டர் (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) என்று எல்கே-99 வந்து இணையமே கொண்டாடியது, மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்துச் சில வாரத்தில் இல்லை என்று முடித்தன. அதற்காக எதைப் பார்த்தாலும் “ஃபேக்” என்று எழுதவும் வேண்டாம். 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி இடம் தருகிறது என்றபோது, மற்றவை சில எம்பி மட்டுமே தந்த காலம் அது, பலர் முட்டாள்கள் தின விளையாட்டு என்றே நினைத்தார்கள். நம்ப முடியவில்லை என்பது ஒரு காரணம் ஆகாது.

சரி, குரூப்பில் எப்படிப் போடுவது?

“டேய் கன்ஃபர்ம்!! அடுத்த மாசம் வருது!!” என்று போட்டால் பத்து ஃபயர் எமோஜி வரும், பேச்சு அதோடு முடிந்துவிடும். இப்படிப் போட்டுப் பாருங்கள்: “ரேட்டிங் போர்டு பக்கத்துல பேர் வந்திருக்கு மச்சி, லிங்க் கீழ. தேதி எதுவும் போடல. இந்த வருஷத்துக்குள்ள வரும்னு எனக்குத் தோணுது.” கண்ணால் பார்த்தது எது, உங்கள் யூகம் எது என்று பிரிந்து நிற்கிறது, அந்த யூகத்தின் மேல் யார் வேண்டுமானாலும் பாயலாம். விவாதம் அங்கே ஆரம்பிக்கும்.

நண்பன் தப்பாக ஒன்றைப் போட்டால் எல்லார் முன்னாலும் மானத்தை வாங்காதீர்கள். “இதோட முதல் போஸ்ட் எங்க இருக்கு டா?” என்று கேளுங்கள், அவனே தேடிக் கண்டுபிடிப்பான். ஏற்கெனவே பத்து குரூப்புக்குப் போய்விட்டது என்றால் சத்தமில்லாமல் டெலிட் செய்வது பிரயோஜனப்படாது, அதே மெசேஜுக்கு ரிப்ளையாகத் திருத்தத்தைப் போடச் சொல்லுங்கள்.

திருடப்பட்ட ஃபைல்களை மட்டும் தயவுசெய்து இறக்கவும் வேண்டாம், பகிரவும் வேண்டாம். 2023 டிசம்பரில் இன்சோம்னியாக் என்ற கேம் ஸ்டுடியோவை ஹேக் செய்தவர்கள் வெளியே கொட்டிய 13 லட்சத்துக்கும் அதிகமான ஃபைல்களில், வரப்போகும் கேம் மட்டும் இல்லை, அங்கே வேலை செய்பவர்களின் பாஸ்போர்ட் நகல்களும் இருந்தன. நாம் ஆசை ஆசையாய் ஆடும் கேம்களைச் செய்தவர்கள் அவர்கள். போதாததற்கு, ‘லீக்கான பில்ட்’ (வெளிவராத கேமின் பதிப்பு) என்ற பெயரில் சுற்றும் ஃபைலுக்குள் மால்வேர் வைத்து அனுப்புவது பழைய வித்தை.

கதையின் முடிச்சு ஏதாவது லீக்கில் தெரிந்துவிட்டது, பேசியே ஆக வேண்டும் என்றால் மறைத்துப் போடுங்கள். டிஸ்கார்டில் வரிக்கு முன்னாலும் பின்னாலும் இரண்டிரண்டு செங்குத்துக் கோடு போட்டால் அது கறுப்புப் பட்டையாகிவிடும், விருப்பமுள்ளவர் அழுத்திப் படித்துக்கொள்வார். எந்தக் கேம், கதையின் எந்தப் பகுதி என்பதைப் பட்டைக்கு வெளியே எழுதுங்கள், இல்லாவிட்டால் எதை அழுத்துகிறோம் என்றே தெரியாமல் யாராவது அழுத்திவிடுவார்.