வழக்கை எந்த ஊர் கோர்ட்டில் போடுவது?

நீங்கள் இருப்பது திருச்சி. பங்காளி இருப்பது கோவை. தகராறில் உள்ள நிலம் தென்காசியில். பாகப்பிரிவினைப் பிராதை (வழக்கு மனுவை) எங்கே தாக்கல் செய்வது? திருச்சி என்று மனசு சொல்லும். சட்டம் தென்காசி என்று சொல்லும். முதலில் பார்க்க வேண்டியது உங்கள் வழக்கு எந்த வகை என்பதைத்தான்.

படி 1: நிலமா, வீடா?

ஆம் என்றால் அதிகம் யோசிக்க வேண்டாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி, சொத்து இருக்கும் இடத்துக் கோர்ட்தான். சொத்து இரண்டு கோர்ட் எல்லைகளில் விழுந்தால், இரண்டில் எதிலும் போடலாம்.

படி 2: பணம், சரக்கு, ஒப்பந்தமா?

இதற்கு 20-ஆம் பிரிவு. பிரதிவாதி குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரில் போடலாம். வழக்கு மூலம், அதாவது வழக்குக்குக் காரணமான சம்பவம், முழுசாகவோ ஒரு பகுதியாகவோ எழுந்த ஊரிலும் போடலாம். ஒரு தாளில் தேதி, நடந்தது, ஊர் என்று மூன்று பத்தி போட்டு எழுதுங்கள்: ஒப்பந்தம் கையெழுத்தானது, பணம் கட்டியது, சரக்கு வந்து சேர்ந்தது. மூன்றாவது பத்தியில் வரும் ஊர்கள்தான் உங்களுக்கான வாய்ப்புகள். வக்கீல் நோட்டீஸை உங்கள் ஊரிலிருந்து அனுப்பினீர்கள் என்பதற்காக மட்டும் உங்கள் ஊர் கோர்ட்டுக்கு அதிகாரம் வந்துவிடாது.

படி 3: ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் படியுங்கள்

‘வழக்குகள் இந்த ஊர் கோர்ட்டுக்கு உட்பட்டவை’ என்று பில்லின் அடியில் ஒரு வரி இருக்கும். பலர் அதைப் பார்த்ததுமே சோர்ந்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம்.

ஏலக்காய் வியாபாரி ஒருவர் போடிநாயக்கனூரில் உள்ள லாரி நிறுவனக் கிளையில், டெல்லிக்கு அனுப்பச் சொல்லிச் சரக்கை ஒப்படைத்தார். சரக்கு தீயில் போனது. பெரியகுளம் சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். தலைமை அலுவலகம் பம்பாயில், ஒப்பந்தமும் பம்பாய் கோர்ட்தான் என்கிறது என்றது நிறுவனம். 1991-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வழக்கு மூலம் எழுந்த ஊரில் நிறுவனத்துக்குக் கிளை இருந்தால் அந்த ஊர் கோர்ட்தான். பம்பாயில் எதுவுமே நடக்காதபோது, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டாலும் அந்த ஊருக்கு அதிகாரம் பிறக்காது.

ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்கு அதிகாரம் இருந்து, அதில் ஒன்றை ஒப்பந்தம் தேர்ந்தெடுத்தால் அது செல்லும். வேறு ஊரைக் குறிப்பிட்டும் ‘மட்டும்’ என்ற சொல் இல்லாத ஒரு ஒப்பந்தத்தில், 1989-இல் சேலம் கோர்ட்டிலேயே வழக்கு நடக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2013-இல், அந்தச் சொல் இல்லாவிட்டாலும் ஊர்ப் பெயரைக் குறிப்பிட்டதே போதும் என்று வேறொரு வழக்கில் சொன்னது. எனவே ‘மட்டும்’ இல்லையே என்று இப்போது தைரியம் கொள்ளாதீர்கள்.

படி 4: தனிச் சட்டம் இருக்கிறதா?

இருந்தால் அதுதான் முந்தும். செக் திரும்பிய வழக்கில், செக்கை உங்கள் கணக்கில் போட்டு வசூலுக்கு அனுப்பியிருந்தால், உங்கள் வங்கிக் கிளை இருக்கும் எல்லை. நுகர்வோர் புகாரை 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். இந்து திருமணச் சட்டத்தில் மனைவி மனுதாரர் என்றால், அவர் இப்போது வசிக்கும் ஊரும் சரி. ரிட் மனு (அரசின் செயலை எதிர்த்துப் போடும் மனு) என்றால் உயர் நீதிமன்றம். மதுரை, திருச்சி, நெல்லை, குமரி போன்ற தென் மாவட்ட விஷயங்கள் 2004-இல் தொடங்கிய மதுரைக் கிளைக்குப் போகும்.

படி 5: பிராதில் எழுதுங்கள்

அதிகார வரம்பு ஏன் இந்தக் கோர்ட்டுக்கு என்பதை இடம், தேதியோடு ஒரு பத்தியில் சொல்லுங்கள். ‘இக்கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு’ என்று ஒற்றை வரி போதாது.

எதிர்தரப்பில் நீங்கள் இருந்தால், ஆட்சேபத்தை முதல் வாய்ப்பிலேயே எழுப்ப வேண்டும். விசாரணை முடிந்து தீர்ப்பு வந்தபின் அப்பீலில் முதல்முறையாகச் சொன்னால் எடுபடாது.

தவறான கோர்ட் என்றால் வழக்குத் தள்ளுபடி ஆகாது. சரியான கோர்ட்டில் போடச் சொல்லிப் பிராதைத் திருப்பித் தருவார்கள். ஆனால் காலவரையறைக் கடிகாரம், அதாவது வழக்குப் போடச் சட்டம் தரும் கெடு, ஓடும். நல்லெண்ணத்தோடும் அக்கறையோடும் நடத்தியிருந்தால், தவறான கோர்ட்டில் கழிந்த காலத்தை விலக்கச் சொல்லிக் காலவரையறைச் சட்டம் 14-ஆம் பிரிவின் கீழ் கேட்கலாம். பிராதைப் புதுக் கோர்ட்டில் கொடுக்கும்போதே அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.