வாலில் முள் என்றதும் நாம் செய்யும் தவறுகள்

முள்வால் என்ற பெயரைக் கேட்டதுமே அது தாக்கும் ஆயுதம் என்று எண்ணிவிடுகிறோம். பறவையானாலும் திருக்கையானாலும் தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையிலும் முள்வால் உழவாரன்கள் என்னும் பறவைகள் உண்டு. பெரிய இனம் தலைக்கு மேல் கடக்கும்போது துணியைச் சர்ரென்று கிழிப்பது போன்ற ஓசை முதலில் வரும். நிமிர்வதற்குள் பறவை பள்ளத்தாக்கைத் தாண்டியிருக்கும். அந்த வேகத்தில் முள்ளைத் தேடுவது வீண். வால் இறகுகளின் நடுத்தண்டுதான் நுனியில் இறகைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் நீண்டு முள்ளாக நிற்கிறது. அது கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்குப் பதிலாக வாலடியில் குதிரை லாடம் போன்ற வெள்ளை வளைவைப் பாருங்கள்.

மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவை உழவாரன்கள் அல்ல, தகைவிலான்கள் என்னும் வேறு பறவைகள். உழவாரனின் குட்டைக் கால்களுக்குக் கம்பியில் அமர வராது. செங்குத்தான பரப்பைப் பற்றித் தொங்கும். அப்போது மரங்கொத்தியைப் போல வாலை ஊன்றிக்கொள்ளும். முள்ளின் வேலை அதுதான். பெரிய மரங்களின் பொந்துக்குள் கூடு வைப்பதால், பட்டுப்போன மரம்தானே என்று வெட்டிச் சாய்ப்பதுதான் இவற்றுக்கு நாம் செய்யும் பெரிய கேடு. தரையில் விழுந்து கிடப்பதைக் கண்டால் பறக்கட்டும் என்று மேலே வீசாதீர்கள். சோறும் பாலும் ஊட்டாதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வனத்துறையிடமோ கால்நடை மருத்துவரிடமோ சேர்த்துவிடுங்கள்.

முள்வால் கொம்புத் திருக்கை வெப்பக் கடல்களில் வாழ்வது. நம் மீனவர் வலைகளிலும் சிக்குகிறது. அதன் 'கொம்பு' முட்டுவதற்கல்ல. மிதவை உயிரிகளை வாய்க்குள் திருப்பிவிடும் துடுப்பு அது. முள் இருப்பது வாலின் நுனியில் அல்ல, வால் உடலோடு சேரும் இடத்தில். ஆனைத் திருக்கையோடு இதைக் குழப்புகிறவர்கள் வாயைப் பார்க்க வேண்டும்: ஆனைத் திருக்கைக்கு வாய் தலையின் முன் விளிம்பில் இருக்கும், இதற்குச் சற்றுக் கீழே தள்ளி இருக்கும். வலையில் நிறைய விழுகிறதே, கடலில் குறையாது என்று நினைப்பதும் பிழை. ஓர் ஈற்றில் ஒரே குட்டி. செவுள் தகடுகளை விற்பதற்காகவும் இதைக் கொல்கிறார்கள். 2016-இல் கொம்புத் திருக்கை இனங்களின் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்ததற்கும் அதுவே காரணம்.

கரையில் காலைக் குத்துவது பெரும்பாலும் மணலில் புதைந்து கிடக்கும் வேறு திருக்கைகள். அவையும் தேடி வந்து குத்துவதில்லை. மிதிபட்டதும் வாலைச் சொடுக்குகின்றன. ஆழமில்லாத நீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடந்தால் அதிர்வை உணர்ந்து விலகிப் போய்விடும். குத்துப்பட்ட காலில் ஐஸ் வைக்காதீர்கள், கயிற்றால் இறுகக் கட்டாதீர்கள். திருக்கை முள்ளில் உள்ள நஞ்சின் வீரியம் வெப்பத்தில் குறையும். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருந்தால் வலி அடங்கும். சூட்டை அடிபடாத கையால் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும், உடைந்த முள்துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். மார்பிலோ வயிற்றிலோ பாய்ந்திருந்தால் முள்ளைப் பிடுங்காமல் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.