தரங்கம்பாடிக் கோட்டைக்குக் குடும்பத்தோடு ஒரு நாள்

வெள்ளிக்கிழமை போகாதீர்கள், கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. ஜனவரி, பிப்ரவரி தோதான மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் கடற்கரையில் ஒதுங்க இடமிருக்காது. ரயிலில் வருபவர்கள் மயிலாடுதுறையில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். காலைப் பலகாரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் வெயில் ஏறுமுன் கடற்கரையைப் பார்த்துவிடலாம். 1306இல் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பாறைகளில் பாசி வழுக்கும். பிள்ளைகளை அதன்மேல் ஏற விடாதீர்கள். குளிக்க ஏற்ற கடலும் இல்லை.

பிறகு கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டியது. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கீழ்த்தளம் கிடங்கும் சிறையுமாக இருந்தது, மேல்தளத்தில் ஆளுநர் குடியிருந்தார். பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி, "சிறை எந்த அறையாக இருந்திருக்கும்?" என்று கேட்டுவிடுங்கள், ஒவ்வொரு அறையாக நுழைந்து பார்ப்பார்கள். மதில்மேல் நடக்கும்போது சின்னவர்களின் கையை விடக் கூடாது. உச்சிவேளையில் தரை கொதிக்கும், செருப்பு அவசியம். ஒன்றரை மணி நேரம் தாராளம்.

மதியத்துக்குத் தயிர்சாதம் கட்டினால் வெயிலில் புளித்துப்போகும். ஒரு டம்ளர் அரிசிச் சோற்றைக் குழைத்து ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பால் இரண்டு டம்ளர் ஊற்றி, தயிர் இரண்டு ஸ்பூன் மட்டும் சேர்த்துப் பிசையுங்கள். சாப்பிடும் நேரத்தில் பதமாக உறைந்திருக்கும். சுடச்சுடப் பாலையும் தயிரையும் கலந்தால் திரிந்துவிடும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர்.

வெயில் தாழ்ந்ததும் ராஜ வீதி. 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயமும், 1792இல் எழுப்பிய நகர வாயிலும் அந்தத் தெருவில்தான்.

குடும்பப் படத்தைக் காலையில் எடுத்தால் கடலுக்கு மேலிருக்கும் சூரியனால் முகம் எல்லாம் கறுத்துவிடும். நான்கு மணிக்குமேல் கடலைப் பின்னால் வைத்து எடுங்கள். லென்ஸில் படியும் உப்பைக் காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றிவிட்டு, அப்புறம் துடைக்க வேண்டும். மூக்குக்கண்ணாடிக்கும் இதேதான்.