குட்டியை நாய்க் காட்சிக்குத் தயார் செய்கிறீர்களா? முதலில் அந்த டானிக் பாட்டிலைக் கீழே வையுங்கள்

போன மாதம் கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு தம்பி ஆம்னி வேனில் வந்தார். கதவைத் திறந்ததும் ஒரு மஞ்சள் லாப்ரடார் குட்டி இறங்கியது. இறங்கியது என்பதைவிட உருண்டது என்று சொல்லலாம்.

"அண்ணே, அடுத்த மே மாசம் ஊட்டி ஷோவுல இறக்கணும். நாலு மாசந்தான் ஆகுது, இப்பவே இருபத்திரண்டு கிலோ!"

கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் கால்சியம் டானிக், மீன் எண்ணெய், ஒரு டப்பா புரதப் பொடி. பதினேழு வருடத்துக்கு முன்னால் இதே குன்னூரில் நான் நின்ற கோலம் அப்படியே எதிரில் வந்து நின்றது. பாட்டிலில் லேபிள் மட்டும்தான் வேறு.

கேசிஐ (இந்தியக் கென்னல் கிளப்) பதிவு, மைக்ரோசிப், வெறிநாய்க்கடித் தடுப்பூசி, நுழைவுக் கட்டணத்தின் கடைசித் தேதி, இதெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லிவிடுவார்கள். அதற்குள் நான் போகவில்லை. புதிதாக வருகிறவர்கள் செய்வதைப் பார்த்து எனக்கு எங்கே பல்லைக் கடிக்கத் தோன்றுகிறதோ, அதை மட்டும் சொல்கிறேன்.

எடையைப் பார்த்து மயங்குவது

என் முதல் காட்சி நாய் கறுப்பு லாப்ரடார். பதிவுப் பேப்பரில் நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர், வீட்டில் கருப்பன். குட்டியைக் கொடுத்தவர், "நல்ல எலும்பு சார், நல்லாத் தீனி போடுங்க" என்றார். நான் அதைச் சொன்னபடிக்கே எடுத்துக்கொண்டேன். பாக்கெட் தீனி மூன்று வேளை. அதற்கு மேல் முட்டை, பால், ராகிக் கஞ்சி, மாட்டு எலும்பு சூப். அதற்கும் மேல் காலையும் மாலையும் இரண்டு ஸ்பூன் கால்சியம் டானிக். ரிங்கில், அதாவது காட்சியில் நாயை நடத்திக் காட்டும் இடத்தில், பார்த்த பெரிய லாப்ரடார்கள் எல்லாம் பீப்பாய் மாதிரி இருந்தன. நம்முடையதும் அப்படி ஆனால் கோப்பை வீட்டுக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் "என்னங்க, கன்னுக்குட்டியா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் எனக்குக் கொஞ்சம் போதைகூட ஏறியது.

பதினோராவது மாதம் கருப்பன் எழுந்திருக்கும்போது பின்பக்கத்தைத் தூக்க யோசித்தான். ஓடும்போது இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து வைத்து முயல் மாதிரித் தாவினான். குளிர் என்று நினைத்து சாக்குக்கு மேல் இன்னொரு சாக்கு போட்டேன். பதினாலாம் மாதம் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தபோது இரண்டு இடுப்பு மூட்டும் கிண்ணத்தில் உட்காரவில்லை. அவன் ஒரே ஒரு காட்சியில்தான் ரிங்குக்குள் நடந்தான், அதுவும் குட்டி வகுப்பில். அதன் பிறகு பத்து வருடம் என் வீட்டு அடுப்படியில், மாத்திரையோடு.

இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையில் வருவது. அதனால்தான் தாய் தந்தையின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். நான் கேட்கவில்லை. ஆனால் விதையில் இருப்பதை எவ்வளவு முளைக்க விடுவது என்பதில் நம் கைக்கும் பங்கு உண்டு. பெரிய இன நாய்களுக்கு எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூட ஒரு வருடத்துக்கு மேலேயே ஆகும். அதுவரை மூட்டு முழுசாக இறுகவில்லை. அதன் தலையில் வேண்டாத எடையை ஏற்றினால் அது எப்படித் தாங்கும்?

கால்சியத்தின் கதை இன்னும் மோசம். வளர்ந்த நாயின் குடல் வேண்டிய அளவு கால்சியத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும். சின்னக் குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் சரியாக வந்திருக்காது. கொடுத்ததில் பெரும்பகுதி உள்ளே போய்விடும், எலும்பு வளர்கிற ஒழுங்கே குழம்பும். பெரிய இனக் குட்டிகளுக்கென்று வரும் தீனியில் கால்சியமும் பாஸ்பரசும் கணக்குப் பார்த்துத்தான் சேர்த்திருக்கிறார்கள். அதன் மேல் டானிக் ஊற்றுவது, உப்பு சரியாக இருக்கிற குழம்பில் இன்னொரு பிடி உப்பைப் போடுவது போல. வீட்டுச் சோறும் கறியும் மட்டும் கொடுத்து வளர்ப்பவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே நிஜமாகவே குறை வரலாம். ஆனால் எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும், மெடிக்கல் கடைக்காரர் வேண்டாம்.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட 25 சதவீதம் குறைவாக மற்றதுக்குக் கொடுத்து, சாகும்வரை பார்த்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. குறைவாகத் தின்றவை ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. இடுப்புக் கோளாறும் அவற்றுக்குக் குறைவு. இதைக் கருப்பனை வளர்க்கும்போதே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், "அதெல்லாம் அவங்க ஊருக்கு" என்றுதான் சொல்லியிருப்பேன். அது வேறு விஷயம்.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு கையை விரித்து வைத்து மறு கை விரலால் புறங்கையைத் தடவுங்கள். எலும்பு தெரியாது, ஆனால் தட்டுப்படும். குட்டியின் விலாவைத் தடவினால் அதே உணர்வு வர வேண்டும். உள்ளங்கையைத் தடவுவது போல மெத்தென்று இருந்தால் தீனியைக் குறையுங்கள். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். அனுபவமுள்ள நீதிபதி ரோமத்துக்குள் கையை விட்டுப் பார்ப்பார். கொழுப்பு எது, சதை எது என்று அந்தக் கைக்குத் தெரியும். எழும்பி நிற்கிற கொழுப்புக்கு யாரும் ரிப்பன் கட்டுவதில்லை.

இதில் நம் மலைக்கென்று ஒரு கூடுதல் தொல்லை: படிக்கட்டு. இங்கே ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்க முப்பது படி, வீட்டிலிருந்து தோட்டத்துக்கு இன்னும் இருபது. மூன்று மாதத்துக்குள் தினமும் படி ஏறி இறங்கும் குட்டிக்கு இடுப்புக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம். தூக்கிக்கொண்டு போங்கள். தூக்க முடியாத கனம் என்றால் மேலே சொன்னதை மறுபடி படியுங்கள்.

அந்தத் தம்பியிடம் இதை எல்லாம் சொன்னேன். "ஆனா போட்டோல ஒல்லியாத் தெரியுமேண்ணே" என்றார். பதில் சொல்லாமல் உள்ளே போய்க் கருப்பனின் எக்ஸ்ரேயை எடுத்து வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். போகும்போது மஞ்சப்பையை என் திண்ணையிலேயே விட்டுவிட்டார். மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா, கேட்கவில்லை.

சரிவில் கற்ற நடை

தேயிலைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில்தான் நாம் நாயை நடத்துகிறோம். மேலே ஏறும்போது அது இழுக்கும், கீழே இறங்கும்போது நாம் இழுப்போம். ரிங்கோ சமதளப் புல்வெளி. அங்கே நீதிபதி பார்ப்பது ட்ராட் நடை: முன் வலது காலும் பின் இடது காலும் சேர்ந்து எழ வேண்டும். பழகாத நாய் ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டையும் சேர்த்துத் தூக்கி, ஒட்டகம் மாதிரி ஆடி ஆடி வரும். பெரும்பாலும் நாம் மெதுவாக நடப்பதுதான் காரணம். கொஞ்சம் வேகம் கூட்டினால் தானே சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுமதி கேட்டு ஏதாவது பள்ளி மைதானத்துக்குப் போங்கள். ஒருவரை போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நாய் எப்படி நடக்கிறது என்பது கூடவே ஓடுகிறவருக்குத் தெரியாது.

வீட்டார் கை மட்டும்

உங்களைப் பல் பார்க்க விடும் நாய் நீதிபதியை விடாது. டீக்கடைக்காரர், பால்காரர், பக்கத்து வீட்டு அக்கா, தொப்பி போட்டவர், குடை பிடித்தவர் என்று யார் கிடைத்தாலும் உதட்டை விலக்கிப் பல் பார்க்கச் சொல்லுங்கள், முதுகைத் தடவச் சொல்லுங்கள். ஆண் நாய் என்றால் விதைகள் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்று நீதிபதி தொட்டுப் பார்ப்பார். அங்கேதான் முதல்முறை என்றால் நாய் துள்ளிக் குதிக்கும், நீங்கள் சிவந்து நிற்பீர்கள்.

நீதிபதிக்கும் நாய்க்கும் நடுவே நிற்பது

நிற்காதீர்கள்.

முந்தின நாள் குளியல்

மூன்று நான்கு நாள் முன்பே முடித்துவிடுங்கள். நம் குளிரில் உள்ளும் வெளியுமாக இரண்டு அடுக்கு ரோமம் காயவே ஒரு நாள் பிடிக்கும்.

சமவெளி நாயை மலையில் நடுங்க விடுவது

ராஜபாளையம், சிப்பிப்பாறை வைத்திருப்பவர்கள் இப்போது நீலகிரியிலும் அதிகமாகிவிட்டார்கள். சந்தோஷம். ஆனால் அவற்றுக்கு ஒட்டிய குட்டை ரோமம். குளிரில் முதுகைக் கூனி வாலை ஒடுக்கி நிற்கும், நீதிபதி கண்ணுக்கு அது உடலமைப்புக் குறை போலத் தெரியும். ரிங் வாசல் வரை போர்வையை எடுக்காதீர்கள்.

கோடை விழாக் கோப்பையை நம்பி

கொடைக்கானல் கோடை விழாவில் நடக்கும் நாய்கள் கண்காட்சி நல்ல ஆரம்பம். கூட்டத்துக்கும் மைக் சத்தத்துக்கும் நாய் பழகும். ஆனால் கேசிஐ விதிப்படி நடக்கும் சாம்பியன்ஷிப் காட்சி வேறு. அங்கே உங்கள் நாயை அந்த இனத்துக்கென்று எழுதிவைத்த தரநிர்ணயத்தோடு வைத்துத்தான் பார்ப்பார்கள். கொடைக்கானலில் கோப்பை வாங்கிய நண்பர் ஒருவர் ஊட்டியில் வகுப்பில் கடைசியாக வந்துவிட்டு, இரண்டு வருடம் நாய்ப் பேச்சையே எடுக்கவில்லை.

மே மாத மழை

ஊட்டி அரசு கலைக் கல்லூரி மைதானத்தில் காலையில் வெயில் அடிக்கும், மத்தியானம் கொட்டும். பிடிமானமுள்ள ஷூ, மூன்று பழைய துண்டு, நாய் உட்கார ஒரு தார்ப்பாய். வழுவழு செருப்போடு ஓடி, நாய் நிற்க நான் மட்டும் விழுந்த வருடமும் உண்டு.