சின்னக் காரும் பனியும்: ரயர் தெரிவு, ட்ராக்ஷன் கொன்றோல், புதைந்தால் வெளியே எடுக்கும் முறை

கொரோலா, சிவிக், யாரிஸ் போன்ற முன்சில்லுகள் இழுக்கும் சின்னக் கார் வைத்திருப்பவர்கள், ரொறன்ரோவில் முதல் பனி கொட்டியதும் கேட்பது இதைத்தான்: "காரில் ட்ராக்ஷன் கொன்றோல் இருக்குத்தானே, பிறகெதற்கு வின்ரர் ரயர்?"

தேவை. ஏன் என்பதை முதலில் விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் இலகு.

ஒவ்வொரு சில்லிலும் ஏ.பி.எஸ்ஸுக்காக (பிறேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) ஒரு வேக உணரி இருக்கிறது. ஒரு முன்சில்லு மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றத் தொடங்கினால், கணினி அதை வழுக்கல் என்று எடுத்துக்கொள்கிறது. உடனே அந்தச் சில்லுக்கு மட்டும் பிறேக் பிடிக்கிறது. அப்போது டிஃபரன்ஷியல் (இரு சில்லுக்கும் விசையைப் பிரிக்கும் பற்சில்லுப் பெட்டி) வழியாக எஞ்சின் விசை மற்றச் சில்லுக்குப் போகிறது. அதுவும் வழுக்கினால் எஞ்சின் விசையையே குறைத்துவிடுகிறது. ட்ராக்ஷன் கொன்றோலின் வேலை அவ்வளவுதான். ரயருக்கும் வீதிக்கும் இடையில் இருக்கும் பிடிப்பை அது பகிர்ந்து கொடுக்கும், கூட்டித் தராது. நிறுத்தும்போது அதற்கு வேலையே இல்லை. சிவப்பு விளக்கில் நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது றப்பர்.

கனடாவில் 2011 செப்டெம்பர் 1 முதல் தயாரான புதிய பயணிகள் கார்கள் எல்லாவற்றிலும் ஸ்ரபிலிற்றி கொன்றோல் (கார் சறுக்கித் திரும்பினால் தனித்தனிச் சில்லுக்குப் பிறேக் பிடித்து நேராக்கும் அமைப்பு) கட்டாயம். அதோடு ட்ராக்ஷன் கொன்றோலும் சேர்ந்தே வரும். ஆகவே பழைய கார் வாங்கினாலும் பெரும்பாலும் உங்களிடம் அது இருக்கும். காசைச் செலவழிக்க வேண்டியது ரயரில்.

1. பக்கச் சுவரில் உள்ள குறியைப் பாருங்கள்

மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். இந்தப் படம் இல்லாத ரயரை வின்ரர் ரயர் என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். "எம்+எஸ்" (மட், ஸ்னோ: சேறு, பனி) என்ற எழுத்துகள் போதாது. அது ரயரின் வரிப்பள்ளங்களின் அமைப்பைப் பற்றியது, பனியில் ஓட்டிச் சோதித்ததற்கான சான்று இல்லை. சாதாரண ஓல் சீசன் ரயர்கள் பலவற்றில் அது இருக்கும்.

மலைப் படமும் முழுக்கதையைச் சொல்லாது. அந்தச் சோதனை இறுகிய பனியில் கார் எவ்வளவு பிடிப்போடு முன்னேறுகிறது என்பதை அளக்கிறது. ஐஸில் பிறேக் பிடிப்பதை அது அளப்பதில்லை. அதனால்தான் ஒரே படம் போட்ட ஓல் வெதர் ரயரும் (வருடம் முழுதும் கழற்றாமல் ஓடக்கூடியது) முழு வின்ரர் ரயரும் பிளாக் ஐஸில் (கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஐஸ் படலம்) ஒரேமாதிரி நிற்பதில்லை.

எதை வாங்குவது? ஸ்காபரோவுக்குள்ளேயே ஓடி, பனி கொட்டும் நாளில் வீட்டில் நிற்க முடிந்தவர்களுக்கு, ரயர் மாற்றவோ வைக்கவோ இடமில்லாத அப்பார்ட்மென்ற்காரருக்கு, மிஷலின் குரொஸ்கிளைமற் 2, ரோயோ செல்சியஸ் போன்ற ஓல் வெதர் போதும். விடிய நாலு மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள், பாரி, ஒட்டாவா, மொன்றியல் பக்கம் ஓடுபவர்கள் முழு வின்ரர் ரயரே போடுங்கள்: மிஷலின் எக்ஸ் ஐஸ் ஸ்னோ, பிரிஜ்ஸ்ரோன் பிளிசாக், நொக்கியன் ஹக்கபெலிட்டா ஆர் வரிசை, கொன்ரினென்ரல் வைக்கிங்கொன்ராக்ற். இவற்றில் எது என்று இரவிரவாக ஆராய வேண்டியதில்லை. உங்கள் அளவில் நாலும் புதுத் திகதியோடு கிடைப்பது எதுவோ அதை எடுங்கள்.

திகதி பார்ப்பது: பக்கச் சுவரில் டி.ஓ.ரி என்று தொடங்கும் இலக்கத்தின் கடைசி நாலு எண்கள். 3623 என்றால் 2023ஆம் ஆண்டின் 36ஆவது கிழமை. வரி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய செகண்ட் ஹாண்ட் வின்ரர் ரயர் வேண்டாம். றப்பர் இறுகியிருக்கும். அந்த மென்மைக்காகத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் ஓல் சீசன் றப்பர் விறைக்கத் தொடங்கும், வின்ரர் றப்பர் வளைந்துகொடுக்கும். பனி விழும்வரை காத்திராமல் நவம்பர் தொடக்கத்திலேயே மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

சட்டம் சுருக்கமாக: கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016 முதல் வின்ரர் ரயருக்குக் காப்புறுதிக் கம்பனிகள் கழிவு தந்தேயாக வேண்டும், கேட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டை எறியாதீர்கள். ஆணி பதித்த ரயருக்கு, ஒன்ராறியோவில் வசிப்பவர்களில் வடபகுதியினருக்கே அனுமதி.

2. நாலும் போடுங்கள்

முன்சில்லு இழுவைக் கார் என்பதால் முன்னுக்கு இரண்டு போட்டால் போதும் என்று இன்னமும் சொல்லித் திரிகிறார்கள். கார் புறப்படும், நிலைக்காது. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுக்கும்போது பாரம் முன்னுக்குச் சாயும். முன்ரயர்கள் வீதியைக் கவ்வும், பின்ரயர்கள் விட்டுவிடும். காரின் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். ஸ்ரபிலிற்றி கொன்றோல் திருத்தப் பார்த்தாலும் பின்னால் பிடிப்பே இல்லாதபோது எதை வைத்துத் திருத்துவது?

3. அளவு: ஒரு அங்குலம் சின்ன றிம், ஒடுங்கின ரயர்

சின்னக் காருக்கு இதுவே நல்ல தெரிவு. ஒடுங்கின ரயர் பனியையும் ஸ்லஷையும் வெட்டிக்கொண்டு கீழே போகும், அகலமானது மேலே மிதக்கப் பார்க்கும். பக்கச் சுவர் உயரமாக இருந்தால் குழியில் விழுந்தாலும் றிம் தப்பும். விலையும் குறைவு.

விட்டம் மட்டும் மாறக்கூடாது. 2014 முதல் 2018 வரையான கொரோலா எல்.ஈயை எடுங்கள். அதில் வருவது 205/55 ஆர் 16. பக்கச் சுவர் 205இல் 55 வீதம், அதாவது 112.75 மில்லிமீற்றர். இரண்டு பக்கமும் சேர்த்து 225.5. றிம் 16 தர 25.4, அதாவது 406.4. மொத்த விட்டம் 631.9. இதே கணக்கை 195/65 ஆர் 15க்குப் போட்டால் 634.5 வரும். வித்தியாசம் அரை வீதம்கூட இல்லை. வேகமானியும் ஏ.பி.எஸ்ஸும் குழம்பாது. அதே காலக் கொரோலாவின் அடிநிலை மொடல் இந்த 15 அங்குலத்தோடுதான் வந்தது, ஆகவே பிறேக் கலிப்பரில் றிம் தட்டுமோ என்ற பயமும் இல்லை. வேறு காராக இருந்தால், உங்கள் மொடலின் மலிவான வகை என்ன அளவில் வந்தது என்று பாருங்கள். பெரிய பிறேக் போட்ட ஸ்போர்ட் வகைகளில் சின்ன றிம் ஏறாமல் போகலாம்.

பாரச் சுட்டெண் குறையக்கூடாது. 91 என்றால் ஒரு ரயர் 615 கிலோ தாங்கும். வேகக் குறி கோடை ரயரைவிடக் குறையலாம்: ரி என்றால் 190 கிலோமீற்றர், நமக்கு அது தாராளம்.

4. நட்: ஆட்கள் அதிகம் மாட்டுப்படும் இடம்

தனியாக ஒரு செற் இரும்பு றிம் வாங்கி அதிலேயே ரயரைப் பூட்டி வைத்தால், வருடத்துக்கு இரண்டு முறை கராஜுக்குக் கொடுக்கும் காசு மிச்சம். ஆனால் பழைய நட் புது றிம்முக்குப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

ஹொண்டாவின் சொந்த றிம்முக்கு உருண்டை இருக்கை நட். ரொயோட்டாவின் சில அலாய் றிம்களுக்கு வாஷரோடு கூடிய தட்டை நட். வெளிக் கம்பனி இரும்பு றிம்கள் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு நட்டுக்காகச் செய்யப்பட்டவை. உருண்டை நட்டைக் கூம்புத் துளையில் முறுக்கினால் இறுகினமாதிரியே இருக்கும். ஆனால் அது தொடுவது ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும். நாலைந்து நாள் ஓடியதும் இளகும். இளகிய சில்லு கழன்றால் பாதிக்கப்படுவது நீங்கள் மட்டும் இல்லை. ஆகவே றிம் வாங்கும்போதே அதற்கான நட் ஒரு செற் வாங்குங்கள். மேலே சொன்ன கொரோலாவுக்கும், சிவிக்குக்கும் புரி அளவு 12 மில்லிமீற்றர், 1.5 மில்லிமீற்றர் பிச் (இரு புரிகளுக்கு இடையிலான தூரம்).

பலர் கேட்டதால் சேர்க்கிறேன்: றிம் மாற்றிய பிறகு 90, 100 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்ரியரிங் நடுங்கினால் முதலில் நடுத்துளையைப் பாருங்கள். கொரோலாவின் ஹப் (றிம் பொருந்தும் நடுமுனை) 54.1 மில்லிமீற்றர், சிவிக்கினது 64.1. வெளிக் கம்பனி றிம்மின் துளை அதைவிடப் பெரிதாக இருந்தால் றிம் நடுவில் உட்காராமல் இருந்திருக்கலாம். இடைவெளியை நிரப்பும் வளையம் விற்கிறார்கள். அதையும் போட்டு, சில்லைத் தூக்கிய நிலையில் நட்களைச் சமமாக இறுக்கிப் பிறகு காரை இறக்குங்கள்.

5. மாற்றும் வேலை

தேவையானவை: அரை அங்குல ப்ரேக்கர் பார், ஆறுமுக ஆழ் சொக்கற் (கொரோலாவுக்கு 21, சிவிக்குக்கு 19 மில்லிமீற்றர்), குறித்த இறுக்கம் வந்ததும் கிளிக் சத்தம் தரும் ரோர்க் றெஞ்ச், தரை ஜக், ஜக் ஸ்ராண்ட், கம்பித் தூரிகை. காரோடு வரும் கத்தரி ஜக் வீதியோரத்து அவசரத்துக்கு மட்டும். ரோர்க் றெஞ்ச்சில் மிச்சம் பிடிக்காதீர்கள். இம்பாக்ற் துப்பாக்கியைக் கழற்ற மட்டும் பாவியுங்கள், இறுக்க வேண்டாம்.

கார் தரையில் நிற்கும்போதே நட்டை அரைச்சுற்று இளக்கிவிட்டுத் தூக்குங்கள். றிம் ஹப்போடு துருப்பிடித்து ஒட்டியிருந்தால் நட்களை இரண்டு புரியில் விட்டு, ரயரின் பக்கத்தைக் குதிக்காலால் மாறிமாறி உதையுங்கள். கழன்றதும் ஹப் முகத்தைத் தூரிகையால் துப்புரவாக்குங்கள். துருத்தட்டு அப்படியே இருந்தால் றிம் சரியாக உட்காராது, பிறகு நட் இளகும். புரிகளில் எண்ணெயோ கிறீஸோ பூச வேண்டாம். வழுக்கும் புரியில் அதே ரோர்க் அளவு, போல்ற்றை அளவுக்கு மேல் இழுத்துவிடும்.

பக்கச் சுவரில் சுழற்சி அம்புக்குறி இருந்தால், கார் முன்னே போகும்போது சில்லு சுற்றும் திசையை அது காட்ட வேண்டும். இடம் வலம் மாறினால் ஸ்லஷை வெளியே தள்ள வேண்டிய பள்ளங்கள் அந்த வேலையைச் சரியாகச் செய்யா.

நட்சத்திர வடிவில், ஒன்றுவிட்டு ஒன்றாக இறுக்குங்கள். கொரோலா 103 நியூட்டன் மீற்றர், சிவிக் 108. 80 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் திரும்ப ஒருமுறை. இதைத் தவறவிடவே வேண்டாம்.

6. காற்று

வெப்பநிலை 5.6 பாகை இறங்கினால் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) குறையும். 20 பாகையுள்ள கராஜில் 33 அடித்தால், மைனஸ் 15இல் வெளியே அது 27. காரைக் குளிரில் விட்டு, ஓட்டுவதற்கு முன் அளந்து, சாரதிக் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள். பனியில் பிடிப்புக் கூடும் என்று காற்றை இறக்குவது வேண்டாத வேலை.

புது றிம்மில் காற்றழுத்த உணரி இல்லாவிட்டால் காற்றழுத்த விளக்கு ஒரு நிமிடமளவு மினுங்கிப் பிறகு நிலையாக எரியும். கனடாவில் அந்த உணரி கட்டாயமில்லை, ஆனால் விளக்கு உங்களுக்கு இனி எதையும் சொல்லாது, மாதம் ஒருமுறை நீங்களே அளக்க வேண்டும். சிவிக்கின் அண்மைக்கால மொடல்கள் சில்லின் சுற்று வேகத்தை வைத்தே காற்றைக் கணிப்பவை. அவற்றில் ரயர் மாற்றியதும் மெனுவில் போய் மறுபடி கலிப்பிரேற் செய்யுங்கள்.

7. ட்ராக்ஷன் பொத்தான்: எப்போது அமத்துவது

ஓடும்போது எப்போதும் போட்டபடியே இருக்கட்டும். வழுக்கும் கார்ப் படம் மினுங்கினால் அது வேலை செய்கிறது, நீங்கள் அக்சிலரேற்றரை மெல்ல விடுங்கள். நிலையாக எரிந்தால் கோளாறு, அல்லது அமத்தப்பட்டிருக்கிறது.

ஆழப் பனியில் புதைந்து நிற்கும்போது மட்டும் கதை மாறும். இரண்டு முன்சில்லும் வழுக்குவதால் கணினி விசையை வெட்டிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் முனகும், கார் அசையாது. அப்போது அமத்துங்கள். கொரோலாவில் ஒருமுறை சட்டென்று அழுத்தினால் ட்ராக்ஷன் மட்டும் நிற்கும், வேகம் ஏறியதும் தானாகத் திரும்ப வரும். நின்ற நிலையில் மூன்று விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் ஸ்ரபிலிற்றி கொன்றோலும் சேர்ந்து போகும், அது வேகம் ஏறினாலும் திரும்பாது. நமக்குத் தேவை முதலாவது. ஹொண்டாவில் வி.எஸ்.ஏ (அவர்களின் ஸ்ரபிலிற்றி கொன்றோல்) பொத்தானை பீப் சத்தம் வரும்வரை பிடியுங்கள். வெளியே வந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

8. புதைந்தால்

முதல் வேலை புகைக்குழாய். பனி அடைத்திருந்தால் கார்பன் மொனொக்சைட் காருக்குள் வரும், உயிர் போகும். குழாயைச் சுற்றிக் கிண்டி எடுத்த பிறகே எஞ்சினை ஓடவிடுங்கள்.

அடுத்தது அடிவயிறு. இந்தக் கார்களுக்குக் கீழே ஒரு சாண் உயரம்கூட இல்லை. கார் பனிமேட்டில் வயிறு ஊன்றி நின்றால் சில்லில் பாரமே இருக்காது, எந்த ரயரும் உதவாது. முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும், பிறகு காருக்கு அடியிலும் கிண்டுங்கள். அலுமினிய வாயுள்ள மடக்கு மண்வெட்டி நல்லது, வீதிப் பனியைத் தள்ளும் கலப்பை வண்டி ஒதுக்கிவிட்டு இறுகிய பனியில் பிளாஸ்ரிக் உடையும்.

ஸ்ரியரிங்கை நேராக்குங்கள். ட்ராக்ஷனை அமத்துங்கள். மனுவல் என்றால் இரண்டாம் கியர். ஓட்டோ என்றால் காலின் பாரமளவுக்கு மட்டும் அக்சிலரேற்றர். ஓரடி முன்னே வந்ததும் பிறேக், முழுதாக நின்றபின் றிவேர்ஸ், ஓரடி பின்னே, மறுபடி பிறேக். சில்லு சுற்றிக்கொண்டிருக்கும்போது கியர் மாற்றினால் கியர்ப்பெட்டிக்குச் சேதம். சி.வி.ரி (படிகள் இல்லாத ஓட்டோ) கியர்ப்பெட்டி சூடேறும், ஆகவே ஐந்தாறு முறையில் அசைவில்லை என்றால் நிறுத்திவிட்டு இன்னும் கிண்டுங்கள்.

அழுத்தி மிதித்துச் சுற்றவிட்டால் ரயரின் சூட்டில் பனி உருகி, உடனே உறைந்து, சில்லுக்குக் கீழே வழவழப்பான ஐஸ் குழி உருவாகும். ஒரு சில்லு நின்று மற்றது மட்டும் சுற்றும்போது, அது வேகமானி காட்டுவதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். சுற்றும் சில்லின் நேர்கோட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

மணல், அல்லது கட்டியாகாத வகைப் பூனை மணலைச் சில்லுக்கு முன்னே தூவலாம். நனைந்ததும் கட்டியாகும் வகை சேறாகிவிடும். கடும் குளிரில் கல்லுப்பை நம்பவேண்டாம், மைனஸ் 10க்குக் கீழே அது மிக மெதுவாகத்தான் உருக்கும்.

9. வெறும் பார்க்கிங்கில் பழகுங்கள்

முதல் பனி விழுந்ததும் வெறிச்சோடிய பார்க்கிங் ஒன்றில் 30 கிலோமீற்றரில் போய் பிறேக்கை முழுதாக மிதியுங்கள். காலுக்கடியில் மிதி கடகடவென்று அதிரும். அது ஏ.பி.எஸ். காலை எடுக்கவோ விட்டுவிட்டு மிதிக்கவோ வேண்டாம், அப்படியே அழுத்திப் பிடித்தபடி ஸ்ரியரிங்கைத் திருப்பிப் பாருங்கள், கார் திரும்பும். பனியில் குரூஸ் கொன்றோல் போடவே கூடாது.

10. கழற்றி வைக்கும்போது

ஏப்ரலில் 7 பாகைக்கு மேல் நிலைத்ததும் கழற்றுங்கள், சூடான வீதியில் மென்றப்பர் வேகமாகத் தேயும். உப்பைக் கழுவி உலர்த்தி, வெயில் படாத இடத்தில் றிம்மோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். றிம் இல்லாத ரயரை நிமிர்த்தி வையுங்கள். வரியின் ஆழத்தை அளந்து பாருங்கள்: சட்டம் அதைவிடக் குறைந்த ஆழத்தை அனுமதித்தாலும், 4 மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்தது பனிக்கு உதவாது, புதுசுக்கு இப்போதே காசு ஒதுக்குங்கள். ஒவ்வொரு ரயரிலும் அது நின்ற இடத்தைச் சோக்கால் எழுதி வையுங்கள். முன்சில்லுகளில் நின்றவை அதிகம் தேய்ந்திருக்கும், அடுத்த நவம்பரில் அவை பின்னுக்குப் போகட்டும், ஆழம் கூடியவை முன்னுக்கு வரட்டும். முன்பின் வித்தியாசம் இரண்டு மில்லிமீற்றரைத் தாண்டியிருந்தால் மட்டும் ஆழமானவற்றைப் பின்னுக்கே விடுங்கள், காரணம் இரண்டாம் படியில் சொன்னதுதான்.