சிறையிலிருந்து வந்தவரை வேலைக்கு வைப்பது எப்படி?

திருப்பூரில் ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பாத பனியன் கம்பெனிக்காரர் இல்லை. கோவை மத்திய சிறையில் தறியும் தையலும் பழகியவர்கள் வெளியே வருகிறார்கள். என் யூனிட்டில் அப்படி ஆள் வைத்திருக்கிறேன், விவரம் சொல்கிறேன்.

முதலில் தங்குமிடம் பாருங்கள். வேலையைவிட அதுதான் பெரிய சிக்கல், வாடகைக்கு யாரும் வீடு தரமாட்டார்கள். லைன் வீட்டில் ஓர் அறை ஒதுக்கிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

சம்பளம் சனிக்கிழமைதான் என்று நிற்காதீர்கள். வெறுங்கையோடு வந்தவர், முதல் சில வாரம் அன்றன்றைக்குக் கொடுங்கள். பெரிய அட்வான்ஸ் வேண்டாம். கடன் ஏறினால் ஆள் நிற்க மாட்டார்.

எடுத்ததும் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார வைக்காமல், வாய் குறைந்த டெய்லர் பக்கத்தில் கைமடிக்க, அதாவது துணியை மடித்து எடுத்துக் கொடுக்க விடுங்கள். "என்ன கேஸுங்ண்ணா?" என்று நோண்டுகிற ஆள் எல்லா கம்பெனியிலும் உண்டு. சூப்பர்வைசருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

வேறு வழக்கில் ஜாமீன் நிபந்தனை இருந்தால் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ஷிப்டை மாற்றிக் கொடுங்கள், வாய்தா நாளுக்குத் திட்டாதீர்கள். வக்கீல் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள்.

தண்டிக்காமல் நன்னடத்தையில் விடப்பட்டவர் என்றால் இன்னும் சுலபம். 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் 12ஆம் பிரிவுப்படி, குற்றத்தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு அவருக்குக் கிடையாது.

துணி பீஸ் எண்ணிக்கை குறைந்தால் எல்லோர் கண்ணும் அவர் மேல்தான் போகும். சரி, அவரைச் சந்தேகப்படும் முன் கட்டுச் சீட்டை, அதாவது துணிக்கட்டோடு வரும் கணக்குச் சீட்டை எண்ணுங்கள்.